எவ்வளவு போகும்

காளவாசல் சிக்னலில் தினமும் யாராவது கேட்பார்கள்:
"சார்ஜ் போட்டா எவ்வளவுக்கா போகும்?"
விற்றவன் நாற்பத்தைந்து என்றான்.
அவன் ஓட்டிப் பார்த்தது
கடைக்குள், ஏசியில், ஸ்டாண்டு போட்டு.

வில்லாபுரத்திலிருந்து செக்கானூரணி லேபுக்கு
இருபத்தொரு கிலோமீட்டர்.
திரும்பவும் இருபத்தொன்று,
ஆனால் அதே இருபத்தொன்று இல்லை.

லேபில் சார்ஜ் போட முடியாது.
ஒருமுறை போட்டேன். ரத்தம் சுற்றும் மெஷின்
பாதிச் சுற்றில் நின்றுவிட்டது.
அன்று ஊருக்கே கரண்ட் இல்லை.
என்றாலும் டாக்டர் என் ஒயரைப் பார்த்த பார்வையை
ஒயரோடு சேர்த்துச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

அப்போது தொடங்கியது இந்தக் கணக்கு.
திரையில் ஐந்து கோடு.
முதல் கோடு பெருமைக்காரி,
பன்னிரண்டு கிலோமீட்டர் அசையாமல் நிற்பாள்.
நடுவில் உள்ள மூன்றும் குடும்பம் நடத்துபவை.
கடைசிக் கோடு
இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்து
பாலத்து ஏற்றத்தில் காலை வாரும்.

தாகிர் கடையில் காற்றைக் கூட்டச் சொன்னேன்.
"அம்பதா? வெடிச்சிரும்க்கா."
வெடிக்கவில்லை. நான்கு கிலோமீட்டர் கூடியது.
மூன்றடுக்கு டிபன் ஓரடுக்கானது.
பச்சை விழுந்தால் முதல் பத்து மிதி என்னுடையது,
மோட்டாருக்கு அதற்கப்புறம்தான் வேலை.
மதிய வெயிலில் பேட்டரியைக் கழற்றி
மேசைக்கடியில் வைப்பேன்.
விருமாயி அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தி
ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம்
"மெதுவாப் பேசுங்க, பிள்ளை தூங்குது" என்பாள்.

எல்லாம் ஆனி வரைக்கும்.

ஆடியில்
கணவாய்ப் பக்கமிருந்து வரும் மேல்காற்று
நாகமலை தாண்டியதும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
வைக்கோல் டிராக்டர் வந்தால் பின்னால் ஒண்டிக்கொள்வேன்.
கருமாத்தூர்க்காரர், பெயர் தெரியாது,
கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார்.
தலையெல்லாம் வைக்கோலோடு
வெள்ளைக் கோட்டு மாட்டுவேன்.
காலையில் மூன்று கோடு பிடுங்கிய காற்று
மாலையில் முதுகுப் பக்கம் வந்து
ஒன்றரைக் கோடு திருப்பித் தரும்.
மிச்சம் கேட்க வேண்டும் என்றால்
எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டப் போனேன்.

உசிலம்பட்டி சேர்ந்தபோது கோடே இல்லை.
சலூனுக்குள் பெண் நுழைந்ததும்
கத்தரி நின்றது.
"பிளக் இருக்குமா அண்ணே?"
நான்கு மணி நேரம்.
பதினோரு தலை, மூன்று தாடி, ஒரு சண்டை பார்த்தேன்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
"ஷேவிங் பண்ணாம எப்படிம்மா காசு வாங்குறது?"

கணவாய் ஏற்றத்தில் மோட்டாரை அணைத்துத் தள்ளினேன்.
லாரிக்காரர்கள் பழுது என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள்.
மேலே துப்பட்டா என்னை விட்டுப் போகத் துடித்தது.
மேற்கே, தூரத்தில்,
காற்றாலைகள்.
என் மூன்று கோடுகளையும்
ஆள் போட்டு அறுவடை பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரிக்கு எனக்கு அரை யூனிட்டுக்கும் குறைவுதான்.
வராத அந்த ஒன்றரைக் கோடு
கம்பி வழியாகச் சுற்றி வந்து
வில்லாபுரத்துப் பிளக்கில் இறங்குகிறதோ என்னவோ.
மின்வாரியத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.
கேட்கவில்லை.

இறக்கத்தில் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை.
உசிலம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி,
லேபின் ஷட்டர் கூட வேறு யாருடையதோ போல் இருந்தது.
காற்று தள்ளியது, நான் உட்கார்ந்திருந்தேன்.
நாகமலையில் கடைசிக் கோடு மினுக்கத் தொடங்கியது.
மோட்டாரை அணைத்தேன்.
பஸ்காரனுக்குத் தெரிய வேண்டும் என்று
விளக்கை மட்டும் விட்டுவைத்தேன்.

காளவாசலில் சிவப்பு.
பக்கத்தில் புல்லட், பின்னால் ஒரு மஞ்சப்பை,
"எவ்வளவுக்கா போகும்?"

"இன்னைக்கா?" என்றேன்.

அதற்குள் பச்சை.
முதல் பத்து மிதி என்னுடையது,
அன்றைக்கு
மிச்சமிருந்ததும்.