முடவன் முழுக்கு

எங்கள் வீட்டில் நாள்காட்டி இல்லை.
நாற்பது பக்க நோட்டு ஒன்று,
அட்டையில் பஜ்ஜி எண்ணெய்.
ஊர், தேதி, வசூல், மழை
என்று கட்டம் போட்டு எழுதுவது நான்.
வளையம் வெட்டுவது அவர்.

பத்து ரூபாய்க்கு மூன்று வளையம்.
சோப்பைச் சுற்றி விழுந்தால் சோப்பு,
டம்ளரைச் சுற்றி விழுந்தால் டம்ளர்.
கடிகாரத்தை மட்டும் இதுவரை யாரும் வெல்லவில்லை.
அதன் பெட்டி வளையத்தைவிட
அரை விரற்கடை அகலம்.
வெளியே சொன்னதில்லை.

பங்குனியில் திருவாரூர்.
தேர் அசைந்து நான் பார்த்ததே கிடையாது.
டம்ளர்கள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொள்ளும்,
கூட்டம் மொத்தமாய் எங்களுக்கு முதுகைக் காட்டும்,
"கிளம்பிருச்சு, டீ குடிக்கலாம்" என்பார் அவர்.

சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு.
சாமி நடந்தால் கடையும் நடக்கவேண்டும்.
விரித்துச் சுருட்டி, விரித்துச் சுருட்டி
திருச்சோற்றுத்துறை போய்ச் சேர்ந்தபோது
சோற்றுக்கு நேரமில்லை.

ஆடிப் பதினெட்டு மேட்டூர்க்காரன் கையில்.
போன வருடம் அடிபம்பைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிவிட்டு
ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
வசூல் கட்டத்தில் கோடு.

வேளாங்கண்ணியில்தான் முழங்கால் வீங்கியது.
பக்கத்துக் கடை சகாயராணி
மெழுகில் செய்த கை, கால், கண், இதயம் விற்கிறவள்.
ஒரு காலை எடுத்து என் மடியில் வைத்து
"போய் மாதாகிட்ட குடுத்துட்டு வா, காசு வேணாம்" என்றாள்.
கடையை விட்டு எப்படிப் போவது?
பிற்பகல் வெயிலில் அந்தக் கால்
என்னுடையதைப் போலவே மடங்கிவிட்டது.

நாகூர்க் கந்தூரிக்கு நோட்டில் நிலையான பக்கம் கிடையாது.
பதினோரு நாள், பதினோரு நாளாக
மாதங்களுக்குள் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்.
அத்தர் விற்கும் சேக்தாவூது சொல்வார்:
"உங்க மாசம் நிக்கும்மா, எங்க மாசம் நடக்கும்."
நிற்கிற மாசத்தில்தான்
எனக்குக் கால் வலி அதிகம்.

ஐப்பசி முழுக்க மாயவரம்.
ஆற்றில் தண்ணீர் போதாமல்
நகராட்சி மோட்டார் வைத்து இறைத்த வருடம் அது.
எல்லார் பாவத்தையும் வாங்கிக் கறுத்துப்போன கங்கை
தன் பாவத்தைக் கழுவ இந்தத் துறைக்குத்தான் வருவாளாம்.
கடைமுழுக்கன்று வந்திருந்தால்
அவளும் போலீஸ் கட்டிய கயிற்றுக்குப் பின்னால்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.
அன்றைக்கு எங்களுக்கு நாலாயிரத்து இருநூறு.
மழை: தூறல்.

சாமான்களோடு அவர் இரவே லாரி ஏறிவிட்டார்.
எனக்கு ஏற முடியவில்லை.

காலையில் கார்த்திகை ஒன்று.
நொண்டி நொண்டி ஒருவன் வந்து சேர்வதற்குள்
மாதம் முடிந்துவிட்டதாம்.
அவனுக்காக ஒரு நாளை
நீட்டிக் கொடுத்தாராம் சாமி.
என்னைப் போல நோட்டு வைத்திருந்தால்
கொடுத்திருக்க மாட்டார்.

படித்துறையில் இருபது பேர்கூட இல்லை.
பரோட்டா மாஸ்டர், பலூன்காரர்,
ராட்டினம் சுற்றிய இரண்டு பையன்கள்,
ஈரத்துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டே
நடுவில் ஒரு முழுக்குப் போட்டு வந்த
துப்புரவுப் பெண்கள்.
நேற்று வேலையில் இருந்தவர்கள்.
ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று
உட்கார்ந்தே இறங்கினேன்.
குழாய்த் தண்ணீர்தான்.
ஆனாலும் முழங்காலுக்குத் தெரியவில்லை.

நாலு முழம் தள்ளி, துண்டு கட்டிய ஒருவர்.
தொப்பி இல்லாமல் அடையாளம் தெரியவில்லை,
நேற்று கயிறு பிடித்திருந்த ஏட்டு.
"வளையக் கடையம்மாதானே?
மூணு வருசமா எறியறேன்.
அந்தக் கடிகாரம் யாருக்காச்சும் விழுந்திருக்கா?"

இடுப்பளவுத் தண்ணீரில்
பொய் வாய்க்கு வரவில்லை.
உண்மையும் வரவில்லை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு
மூழ்கினேன்.