பால்மா டின் உயரம்

கிரவிலியாப் பலகை இரண்டு,
பழைய கட்டில் சட்டம் ஒன்று.
செபமாலை அண்ணனிடம் இரவல் வாங்கிய வாளுக்கு
நடுவில் இரண்டு பல் இல்லை,
அந்த இடம் வரும்போதெல்லாம் துள்ளியது.

அடிமட்டம் கிடைக்கவில்லை.
அளவு: ஒரு பால்மா டின்.

எங்கள் காம்பராத் தரை ஆற்றுப் பக்கம் சாயும்.
இடது காலை ஒரு விரல் நீட்டி விட்டேன்.
லிந்துலையில் வேறெந்த வீட்டிலும்
இது நேராய் நிற்காது.

திங்கள், ஒன்பது மணி. தகரத்தில் மழை.
"புது அறையா, யோகமலர்?"
கொழும்பிலிருந்து கேட்டார்கள்.
ஒன்றரை வருடமாய் அவர்கள் பார்த்தது
என் தாடையையும் கூரையையும்.

"அதே அறைதான்."

பின்னால் கொடியில்
தம்பியின் யூனிபோர்ம் சொட்டிக்கொண்டிருந்தது.
எடுக்க எழும்பினேன்,
பிறகு உட்கார்ந்துவிட்டேன்.