போகும், போகாது

கிரான்புரூக்கில், செயின்சா பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால்
என் கடைசல் பட்டறை.
செப்டம்பர் முதல் வாரம் கோரின் ஹாகன்
கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள்,
தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் இல்லை,
செத்த நாயைக் கிடத்துவதுபோல்.

தர்ட்டி-ஆட்-சிக்ஸ். வால்நட் கட்டையில்
கன்னம் பட்டுப்பட்டு ஒரு மினுக்கம்.
"முந்நூறு மேக்னம் ஆக்கித் தா" என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

போன வருடம் ஆற்றுக்கு அக்கரைச் சரிவில் ஓர் எல்க்.
முழங்கால் மாற்றியதிலிருந்து மேடு ஏற முடிவதில்லை,
நின்ற இடத்திலிருந்தே சுட்டிருக்கிறாள்.
குண்டு போய்ச் சேர்ந்தது.
சேரும்போது அதனிடம் வேகம் மிச்சமில்லை.
தள்ளாடி, எழுந்து, மரங்களுக்குள் போய்விட்டது.
மூன்று நாள் தேடல்.
வேலிக்கு வேலி வண்டியை நிறுத்தி
"அடிபட்ட எல்க் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?"
என்று கேட்டாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பாட்டுகளில் இரண்டாயிரம் வருடமாக
அப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவன்
தேடி வருவது யானையை இல்லை.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
அவள் தேடியது எல்க்கைத்தான்.

குழல் அதே குழல். துளையும் அதே துளை.
வாய் பழைய வாய், வயிறு மட்டும் பெரிதாக வேண்டும்.
போல்ட்டின் முகத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்,
தோட்டாப் பெட்டியில் கொஞ்சம் நீளம்.
லேத் மெல்லச் சுற்ற, ரீமரை உள்ளே விட்டேன்.
பீளமேட்டில் பம்ப் தண்டு கடைந்த கை.
ஒரு மயிரிழை, எண்ணெய், துடைப்பு.
இன்னொரு மயிரிழை.
எஃகுச் சீவல், பாக்குச் சீவலைவிட மெல்லிசு.

அளவு பார்க்க இரண்டு எஃகுக் குட்டிகள் உண்டு.
ஒன்றின் பெயர் போகும்.
மற்றதன் பெயர் போகாது.
போகும் உள்ளே இருந்தால் போல்ட் மூட வேண்டும்.
போகாது இருந்தால் மூடக் கூடாது,
மூடினால் வேலை கெட்டது, சுடுகிறவள் கண்ணும் கெடலாம்.
முதலாவதற்கு மூடியது.
இரண்டாவதற்குப் பாதியில் நின்றது, பிடிவாதமாக.
அந்த மறுப்புக்குத்தான் எனக்குக் கூலி.

நான் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை.
ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில்
லாரி டயரோடு துப்பாக்கியைக் கட்டிவிட்டு
வண்டிக்குப் பின்னால் பதுங்கிக் கயிற்றை இழுத்தேன்.
மூன்று முறை.
மூன்றாவதற்கும் என் வலது தோள்
தானாகச் சுருங்கிக்கொண்டது.

வாங்க வந்தபோது அட்டவணையைக் காட்டினேன்.
எழுநூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு விநாடி.
"அதற்குள் அது ஓர் அடி எடுத்து வைக்கலாம்."
"வைக்கலாம்" என்றாள், பணத்தை எண்ணியபடி.
அதை அளக்க என் இழுப்பறையில்
குட்டி எதுவும் இல்லை.

நவம்பரில் மறுபடி வந்தாள்.
வலது புருவத்தில் பிறைபோல ஒரு வெட்டு,
தொலைநோக்கி உதைத்தது.
"தலையை நிமிர்த்தியது" என்றாள்.
"சத்தம் அதற்கு இன்னும் போயிருக்காது.
பின்னே எதைக் கேட்டு?"
எனக்குத் தெரியவில்லை.
விழுந்ததா என்று மட்டும் கேட்டேன்.

பதிலுக்கு மேசையில் ஒரு பொட்டலம்.
பழுப்புக் காகிதம், பென்சிலில் தேதி.

வீட்டில் நாங்கள் சாப்பிடுவதில்லை.
உறைந்த கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் மேலே
ஃப்ரீசரில் வைத்தேன்.
"யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறாள் பூங்கோதை.
கொடுக்கலாம்.
இரண்டு வாரமாக மூடி முழுசாகப் படிவதில்லை,
ஒரு மயிரிழை.