பன்னிரண்டில் பத்து

டிமாரு துறைமுகத்துக்கு மேலே
பழைய வண்டிகள் விற்கும் திடலில்
தெற்குக் காற்று
விலைச்சீட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

கெல்வின் விடிவதற்குள்
அந்தச் சாம்பல்நிற வண்டியைக் கம்பியில் கட்டி
வயிறு முட்ட ஊட்டிவிட்டான்.
"நூறு சதவீதம், பாருங்க."
நைரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள்.
"உழக்கும் நிறைஞ்சா நூறு சதவீதம்தான்.
எவ்வளவு கொள்ளும்னு எங்கே காட்டும்?"

திரையின் வலது ஓரத்தில்
சன்னமான கோடுகள், பல்வரிசைபோல.
புதிதில் பன்னிரண்டு.
விரல்நுனி வைத்து எண்ணுகிறாள்.
பத்து.
மேலிருந்து கீழே மறுபடி.
பத்து.

நம் கணக்கில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால்.
இந்த மின்கலத்தில் இரண்டு மரக்காலை
ஜப்பானில் எந்தக் கோடை தின்றதோ,
எந்த அவசரக்காரனின் காலைகளோ.
தானமாய் வந்த மாடென்றால்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்.

கைப்பையிலிருந்து நோட்டு வெளியே வருகிறது.
வீட்டிலிருந்து முதியோர் இல்லம் பத்தொன்பது கிலோமீட்டர்.
இரவுப்பணி முடிந்து திரும்பப் பத்தொன்பது.
ஜூலைக்கு மட்டும் தனிப்பக்கம்:
உறைபனி, எதிர்க்காற்று, ஹீட்டர் எவ்வளவு குடிக்கும்.
அடியில் இரண்டு கோடு போட்டு
'வெந்நீர்ப் பை.'

"வெந்நீர்ப் பையா?"
"மடியில வெச்சுக்குவேன்.
காரைக் காய வைக்கிறதுக்கு
என்னைக் காய வைக்கிறது மலிவு."

சாவியைத் திருப்பவில்லை, பொத்தானை அமுக்கினாள்.
சத்தமே இல்லை.
பிறகு ஒரு பெண்குரல்
மிக மரியாதையாக, ஜப்பானிய மொழியில்,
எதையோ நினைவூட்டி ஓய்ந்தது.
"என்ன சொல்லுது?"
"தெரியாதுங்க. கப்பல்ல வர்ற எல்லாமே
இதைத்தான் சொல்லுது. நாலு நாள்ல பழகிடும்."
கெல்வின் பதினோரு வருஷமாக
இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறான்.
யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை.

வரைபடத்தில் நீலம். கரையே இல்லை.
நைரி கம்பளி ஆலையைத் தாண்டி
மேடேறி, சுடுகாட்டு வளைவில் திரும்பி
நடுக்கடலில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
பக்கத்து இருக்கையில் கெல்வின்
கைப்பிடியை விட்டான்.

போனில் லைல்.
"நடுவழியில நின்னா?"
"உன் டீசல் வண்டி நாலு தடவை நின்னுது.
நாலு தடவையும் நான்தானே தள்ளினேன்?"
மறுமுனையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்.

பேரம் நீளவில்லை.
பன்னிரண்டு பல்லின் விலையைப் பத்துக்குத் தர மாட்டேன் என்றாள்.
டயர் புதுசு என்றான்.
ஒரு பக்கம்தான் புதுசு என்றாள்.
வீட்டில் செருகும் வடத்தையும் சேர்த்து
எட்டாயிரத்து நூறு.
கை குலுக்கியபோதுதான் கெல்வினுக்குத் தோன்றியது,
பத்தும் ஒன்பதாகும் காலத்தை
அவள் நோட்டில் எங்கோ
ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம்.
வேலியோரம் மாஸ் நிற்கிறது,
காதைத் தூக்கிக்கொண்டு, சாலையைப் பார்த்து.
பழைய எஞ்சினின் இருமல்
பாலத்துக்கு அப்பாலே வந்துவிடும்;
அப்போது ஓட வேண்டும், இவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

இருமல் வரவில்லை.
சரளைக்கல் கொஞ்சம் நெரிந்தது.
மாஸ் திரும்பிப் பார்க்கையில்
வண்டி முற்றத்தில் நிற்கிறது,
கண்ணாடி இறங்கியிருக்கிறது,
நைரி இவ்வளவு நேரமும் அதையே பார்த்துக்கொண்டு.

திடுக்கிட்டது; வெட்கப்பட்டது;
பிறகு அந்தக் காரின் நான்கு சக்கரத்தையும் சுற்றி
அரைமணி நேரம் வைதது.
லைல் தேநீரோடு வந்து ஜன்னலில் சாய்ந்தான்.
இறங்குகிற எண்ணமில்லை அவளுக்கு.
பொத்தானை அமுக்கிக் காட்டினாள்.
குரல் வந்தது.
"சரிங்க" என்றாள் நைரி, அதனிடம்.