தரம் ஒன்பது, குப்பை நிறுத்த கிழமை

ஒரு கிழமைக் குப்பையைக்
கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
முப்பத்தொரு உரப்பைகள் வந்தன.
அதிபர் மூக்கைப் பொத்தியபடி
இரண்டு தடவை வகுப்பைக் கடந்துபோனார்.

கோபிதனின் அப்பா திருக்கடலூரில் மீன் நிறுப்பவர்.
அவருடைய தராசை இரவல் வாங்கி
யன்னல் கம்பியில் தொங்கவிட்டோம்.
பாரைக்கும் சூரைக்கும் பழகிய முள்
பிஸ்கட் உறைக்கு அசையவில்லை.
இன்னும் போட்டோம்:
பால்மாப் பை, நூடில்ஸ் உறை,
சவர்க்காரத்தின் சட்டை,
சட்டைக்குள் இருந்த உள்சட்டை.
முள் நித்திரை.
"அப்ப குப்பையே இல்லையா ரீச்சர்?"
அம்ஜத் கேட்க வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்துவைத்தேன்.
பாடக்குறிப்பில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

பிறகு வாளி நிறையத் தண்ணீர்.
பிரிக்காத சிப்ஸ் பைக்கற் ஒன்றைக்
கையால் அமுக்கி அமிழ்த்தினோம்.
வழிந்த நீரை அளந்தோம்.
உள்ளிருந்ததை நொறுக்கித் தனியே அளந்தோம்.
முக்கால்வாசி காற்று.
'காத்துக்கும் காசு குடுத்திருக்கம்' என்று
றிஸ்லா கொப்பியில் எழுதினாள்,
அடியில் இரட்டைக் கோடு போட்டு.
வெளியே கச்சான்
இலவசமாய் வீசிக்கொண்டிருந்தது.

என் பையும் இருந்தது.
பெட்டிக்குள் பெட்டி,
அதற்குள் குமிழித்தாள், அதற்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் போன கிழமை வந்துசேர்ந்த
ஒரு கைக்கடிகார வார்.
குமிழிகளை உடைக்கப் பிள்ளைகள் அடிபட்டார்கள்.
அத்தனையையும் சேர்த்துப் பட்டியலில்
'ஒன்று' என்று எழுதிக்கொண்டேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.

பட்டியல் சுவரில்:
பெயர், எண்ணிக்கை, நட்சத்திரம்.
குறைந்த குப்பைக்குப் பொன் நட்சத்திரம்.
நட்சத்திரங்கள் வந்ததும்
ஒரு பிளாஸ்டிக் உறையில்தான்.

டிலோஜினியின் பையைக் கவிழ்த்தபோது
கச்சான் உள்ளே வந்து அள்ளிக்கொண்டு போனது.
ஷாம்பு, சலவைத்தூள், கோப்பித்தூள்;
விரலளவு உறைகள்
மேசைக்கடியில், அலுமாரி மேல், என் தலையில்.
துரத்திப் பிடித்து எண்ணினோம்.
நாற்பத்து மூன்று.
வகுப்பிலேயே அதுதான் கூட.
பின்வாங்கில் யாரோ விசிலடித்தான்.

அவள் அழவில்லை. இதை நான் எழுதத்தான் வேண்டும்.
இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:
"போத்தல் அறுநூறு ரூபா ரீச்சர்.
அம்மாக்கு நிலாவெளி ஹோட்டலில நாள் சம்பளம்.
போத்தல் வாங்கினா அண்டைக்குக் கறி இல்ல."

ஒட்டிய நட்சத்திரங்களை
நகத்தால் சுரண்டத் தொடங்கினேன்.
லேசில் வரவில்லை.
பசை நல்ல பசை.

உறையின் முதுகில்
கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தில் ஏதோ இருந்தது.
ஆய்வுகூடத்து வில்லையைப் பிடித்து வாசித்தோம்.
மூன்று மொழியிலும் ஒரே கட்டளை:
சூழலைச் சுத்தமாக வைத்திருங்கள்.
அதற்கும் கீழே, எறும்பு வரிசைபோல்,
கம்பனியின் முகவரி.
"அவங்கட சாமான்தானே" என்றாள் டிலோஜினி,
"அவங்களுக்கே அனுப்புவம்."

பழைய வினாத்தாளை மடித்துக் கடித உறை செய்தோம்.
நாற்பத்து மூன்றும் உள்ளே.
கடிதம் நாலு வரி.
ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விட்டேன்,
கோபம் அதில்தான் இருந்தது.

தபாற்கந்தோரில் அந்த மனுசன்
தன் சின்னத் தராசில் வைத்தார்.
இலக்கங்கள் ஓடி நின்றன.
"பாரம் கூட ரீச்சர்,
இன்னும் முத்திரை ஒட்டவேணும்."
கோபிதன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் கைப்பைக்குள் சில்லறை தேடினேன்.

வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை
கறிமணத்தோடு மென்றுகொண்டு நின்றது.
அம்ஜத் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான்.
மான் விடவில்லை.
பஸ்சுக்கு நின்ற சனம் வேடிக்கை பார்க்க,
முத்திரை ஒட்டிய கடிதத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி
டிலோஜினியும் போய்
இழுக்கத் தொடங்கினாள்.