ஓரெழுத்துத் தீவு

இரவு ஒன்றே முக்கால்.
ஆர்ஹுஸில் பனி கொட்டவும் இல்லை, விடவும் இல்லை.
நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி
படகுத்துறை அலுவலகத்தில், காப்பி மெஷினுக்குப் பின்னால்
தூசியோடு உட்கார்ந்திருக்கும் சர்வருக்குள் நுழைகிறேன்.
கறுப்புத் திரை. கடவுச்சொல். திறந்துகொண்டது.

காலைப் படகின் பயணிகள் பட்டியல்.
புறப்படும் ஊர் என்ற பத்தியில்
ஒரு கேள்விக்குறி, ஓர் 'ர்', இன்னும் இரண்டு கேள்விக்குறி.
ஏர்ரோ என்று இருக்க வேண்டும்.
முதலும் கடைசியும் கடலோடு போய்விட
அந்த 'ர்' மட்டும்
கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

டேனிஷில்
வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்தால் ஓர் எழுத்து.
தனியே நின்றால் அதுவே சொல்: தீவு.
தலையில் வளையம் வைத்த இன்னொன்றும் உண்டு.
அது தனியே நின்றால் ஓடை.
எழுத்து தொலைந்தால் நிலமும் தண்ணீரும்
சேர்ந்தே தொலைகிற மொழி.

மொழி எது என்று சர்வரைக் கேட்டேன்.
'சி' என்றது.
காறித் துப்பியது போல இருந்தது.
உண்மையில் அது அமைப்பின் பெயர்,
எதையும் நிரப்பாமல் விட்டால் தானாக வந்து உட்காருவது.
ஏழு வருடமாக யார் கேட்டாலும் அதே ஓரெழுத்துப் பதில்.
நிறுவியவரைத் திட்ட ஆரம்பித்து
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
நிறுவியது நான்.

இரண்டே காலுக்கு ஆஸ்கெரை எழுப்பினேன்.
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டி, துறைக்கு நடந்து,
அங்கிருக்கும் திரையில் பார்த்துச் சொன்னான்:
"ஊர் இருக்கு. பெயரெல்லாம் இருக்கு.
ஒரு நாய்க்குக்கூட டிக்கெட் இருக்கு."

ஒரே கோப்பு. அவனுக்கு ஊர், எனக்குச் சல்லடை.

"இரு," என்றான்.
"ஓஸெ நர்கோர். இந்த ஒரு பெயரில் மட்டும்
கறுப்பு வைரத்துக்குள்ளே கேள்விக்குறி.
இதை யார் தொட்டது?"

பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது.
அவனை எழுப்பக் கூச்சப்பட்டு
முதலில் நானே திருத்தப் பார்த்திருந்தேன்.
அழிக்கும் விசையை ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன்.
அந்த எழுத்து இரண்டு பைட்டால் ஆனது.
ஒன்று போனது.
மற்றது எதற்கும் பாதியாக, எதுவாகவும் இல்லாமல்,
அங்கேயே கிடந்தது. பயந்துபோய்
சேமித்துவிட்டு வெளியேறினேன்.

"நான்தான்," என்றேன்.
தொலைபேசியில் காற்று. படகின் சங்கிலி உரசும் சத்தம்.
"எனக்கு ஓஸெயைத் தெரியும்," என்றான் கடைசியில்,
"அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

ஒரு வரி மாற்றினேன். வெளியேறி, மீண்டும் நுழைந்தேன்.
ஏர்ரோ, இரண்டு கரையோடும்.
ஓஸெயின் தலைக்கு வளையத்தைத் திரும்ப வைத்தேன்.
பிறகு பட்டியலை மேலிருந்து கீழாக
வாய்விட்டுப் படித்தேன், நாய் வரைக்கும்.

ஏழரைக்கு அவள் நாயோடு வருவாள்,
சீட்டை நீட்டுவாள்.
அதிலிருக்கும் பெயரை யாரும் படிக்கப்போவதில்லை.
கருவி பட்டைக்கோடுகளைப் பார்த்து
'பீப்' என்னும்.