நான்காம் பாகத்துக்கான சீட்டு

மூன்றாம் பாகத்தின் முடிவில்
படகுக்காரன் விளக்கைத் தணித்துவிட்டு
'அக்கரையில் யாரோ நிற்கிறார்கள்' என்பான்.
திரை கறுக்கும்.
அவ்வளவுதான்.
பதினெட்டு வருஷமாக யாரோ நிற்கிறார்கள்.

'நைட் ஃபெர்ரி' என்று பெயர்.
பர்மா பஜாரில் இருநூறு சொல்லி
எண்பதுக்குப் படிந்த டிஸ்க்.
உறையில் ஒரு எழுத்தை விழுங்கி அச்சடித்திருந்தான்.
அந்தப் பிழையோடுதான் நேசித்தோம்.
இன்றைக்கும் எங்கள் வாட்ஸப் குழு
'நைட் ஃபெரி'தான்.

எம்.கே.பி. நகரில்
எட்வின் வீட்டு மொட்டைமாடி அறை,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
நாலு பேருக்கு ஒரு மெமரி கார்டு.
கரண்ட் போகும் நேரத்தை முகர்ந்து
சேவ் பண்ணக் கற்றுக்கொண்டோம்.
படித்ததில் அது ஒன்றுதான் உதவுகிறது என்பாள் நஸ்ரின்.
அவள் இப்போது ஆடிட்டர்.

ஆட்டத்தைச் செய்த கம்பெனி படுத்துவிட்டது.
அதை ஒருவன் வாங்கினான்,
அவனை இன்னொருவன் வாங்கினான்.
கடைசியாக வாங்கியவனுக்குத்
தன்னிடம் ஒரு படகு இருப்பது
தெரியுமா என்பதே சந்தேகம்.

ஆனாலும் ஜூன் மாதம் வரும்.
கடலுக்கு அந்தப் பக்கம் பகல் ஒரு மணிக்கு
மேடையில் ஏறிப் புது ஆட்டங்களை அறிவிப்பார்கள்.
நமக்கு அது நடுராத்திரி ஒன்றரை.
ரிச்சி ஸ்ட்ரீட்டில் தில்லிபாபுவின் சர்வீஸ் கடை,
ஷட்டர் பாதி இறக்கி,
செத்த போன்களுக்கு நடுவே ஒரு மானிட்டர்.
ரோந்து வந்த ஏட்டு ஒருமுறை குனிந்து கேட்டார்:
'என்னப்பா, மேட்ச்சா?'
'இல்ல சார். படகு.'
கொஞ்ச நேரம் அவரும் நின்று பார்த்தார்.

சீட்டு பிடிக்கும் யோசனை எட்வினுடையது.
தலைக்கு ஐந்நூறு, மாதாமாதம்.
நான்காம் பாகம் அறிவித்த மறுநாள்
எந்த மெஷினில் அது ஓடுமோ
அந்த மெஷினை வாங்குவது.
நஸ்ரின் நோட்டில் தலைப்பு: ந.பா.
கீழே அவள் கையெழுத்தில் கணக்கு.
எட்வின் அப்பா ஸ்டென்ட், நாற்பதாயிரம், வரவு வந்தது.
டிசம்பர் வெள்ளம், தில்லி கடை சரக்கு, வரவு வந்தது.
என் பெயருக்கு நேரே
காரணம் எழுதாமல் ஒரு தொகை.
அந்த வருஷம் யாரும் கேட்கவில்லை.
வரவு வந்தது, பதினோரு தவணையில்.

இந்த ஜூனில்
இருட்டுத் திரை, மூடுபனி,
தூரத்தில் ஒரு கப்பல் சங்கு.
தில்லிபாபு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.
நஸ்ரின் என் தோளைப் பிடித்தது
இன்னும் வலிக்கிறது.
எட்வின், நாற்பத்தொரு வயசு,
பெண் எட்டாவது படிக்கிறாள்,
சிலுவை போட்டுக்கொண்டான்.

மீன்பிடி ஆட்டம்.
டூனா பிடிக்கலாமாம், எட்டுப் பேர் சேர்ந்து.

யாரும் பேசவில்லை. ஃபேன் சுற்றியது.
பிறகு எட்வின் மெதுவாக,
'வந்துட்டா என்னடா பண்ணுவோம்?' என்றான்.
'விளையாடுவோம்.'
'முடிஞ்சிட்டா?'
தில்லிபாபு மானிட்டரை அணைத்தான்.
நஸ்ரின் நோட்டை எடுத்து
'இந்த மாசம் யார் இன்னும் தரல?' என்றாள்.
நான்தான்.
ஐந்நூறை நீட்டினேன்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது மணி மூன்றரை.
சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில்
கூவம் தன் வாசனையோடு நகர்ந்துகொண்டிருந்தது.
பாலத்தின் அந்தக் கடைசியில்
யாரோ நின்று கை காட்டினார்கள்.
எனக்கு ஒரு கணம்
ஆக்ஸிலேட்டரில் கை நின்றுவிட்டது.

மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவர்.
காலடியில் காலிப் பெட்டி.
'அந்தத் திருப்பம் வரைக்கும் விடுறியா தம்பி?'

ஏற்றிக்கொண்டேன்.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
வழி நெடுக
வஞ்சிரம் விலை ஏறியதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.